அம்மா நன்மை வாங்காத வருஷம்

நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் பிள்ளைகளைக் குறை சொல்வதில்தான் போய் முடிகிறது. பூசைக்கு வருவதில்லை, வந்தாலும் போனைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள், உறுதிப்பூசுதலுக்கு வீடியோவும் பிரியாணியும் வேண்டும், அதன் அர்த்தம் மட்டும் தெரியாது. போன வாரம்கூடக் கோயில் வாசலில் நின்று இதையே பேசினோம். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், நமக்கு மட்டும் என்ன பெரிய அர்த்தம் தெரிந்திருந்தது என்று தோன்றியது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் உறுதிப்பூசுதல் வருஷத்தில் நான் செய்த காரியத்தை உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. உங்களில் இரண்டு பேர் அன்றைக்கு எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள்தான், ஆனாலும் உங்களுக்குத் தெரியாது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் எழும்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரை, எட்டுக் கதவுகள். பக்கத்து வீட்டில் ஒரு பாய் குடும்பம், அந்தப் பக்கம் கன்னடக்காரர்கள், கடைசியில் தெலுங்குக் குடும்பம். குழாயடியில் மூன்று பாஷையிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டேன், இன்றைக்கும் அது மட்டும் மறக்கவில்லை. காலையில் கம்பெனிச் சங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதும். எது அப்பாவின் கம்பெனி என்று போர்வைக்குள் இருந்தே சொல்லிவிடுவேன். அப்பாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் மெஷின் எண்ணெய் வாசம் இருக்கும். அம்மா சவுக்காரத்தை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையிலும் லேசாக ஒட்டிக்கொண்டு வரும். கோயிலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் தூபத்தைத் தாண்டி அந்த வாசம்தான் எனக்கு முதலில் எட்டும்.

அப்பா ஓட்டியது பிரஸ் மெஷின். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. மாசக் கடைசியில் எண்ணிக்கை எட்டவில்லை என்று, ஒரு பட்டனை டேப் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். அப்போது ஒரு கையால் தகடு வைக்கலாம், மறு கையால் பட்டன் அழுத்தலாம், வேலை இரண்டு மடங்கு ஓடும். மூன்று மாசம் அப்படியே ஓடியது. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயின.

விரல் போனதுகூட அம்மாவுக்குப் பெரிய விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அழுதாள், ஆஸ்பத்திரிக்கு நடந்தாள், கஞ்சி ஊட்டினாள். அதன் பிறகு வந்த விசாரணையில்தான் எல்லாம் கெட்டது. சூப்பர்வைசர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். டேப் சுற்றியது தொழிலாளியே, அன்றைக்கு அவர் குடித்துவிட்டு வந்திருந்தார் என்று. அப்பா கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு வாய் குடிக்காதவர். கட்டு அவிழ்த்ததும் அவரை அதே கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். அந்த வேலையைச் சிபாரிசு செய்ததும் சூப்பர்வைசர்தான்.

அந்தச் சூப்பர்வைசர் நம் கோயிலைச் சேர்ந்த பங்குக்காரர். ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிப்பவர். நல்ல கணீர்க் குரல், எனக்கே அவர் படித்தால்தான் பிடிக்கும். அப்பா அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. "விடு. அவருக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்பார், அதோடு முடிந்தது. மிச்சமிருந்த விரல்களால் சிலுவை போட்டுக்கொண்டு எப்போதும்போல் போய் நன்மை வாங்கினார். பூசையில் நற்கருணை வாங்குவதை நம் வீடுகளில் நன்மை வாங்குவது என்றுதானே சொல்லுவோம். அப்பா மன்னித்துவிட்டாரா, இல்லை கேட் வேலையும் போய்விடுமோ என்று பயந்தாரா? அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வியே வரவில்லை. இப்போது வருகிறது, ஆனால் கேட்க ஆள் இல்லை.

அம்மாதான் நிறுத்தினாள். புது வருஷப் பூசையிலிருந்து அவள் நன்மை வாங்கவில்லை. பூசைக்கு ஒரு ஞாயிறு தவறமாட்டாள், முதல் மணிக்கே போய்விடுவாள், எல்லாப் பாட்டும் பாடுவாள். பரலோக மந்திரம் சொல்லும்போது மட்டும், நமக்குக் கெடுதல் செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வாள். அந்த வரி கடந்ததும் திரும்பச் சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியும். பிறகு நன்மைக்கு எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது, எங்களுக்கு வழி விட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டு, அந்த நீளப் பெஞ்சில் அவள் மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். நாக்கில் நன்மையோடு கைகூப்பித் திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல் பார்ப்பார்கள்.

பார்த்தால் பேசாமல் இருப்பார்களா? அல்லேலூயா சபைக்குப் போகிறாள் என்றார்கள். வேறு ஏதோ பெரிய பாவம், சாமியார் மன்னிப்புக் கொடுக்கவில்லை என்றார்கள். அந்தப் பெரிய பாவம் என்ன என்று பெண்கள் குசுகுசுத்தது எனக்குப் பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்தில் மறைக்கல்வி சிஸ்டர் வகுப்பில் ஒவ்வொருத்தராக எழுப்பி, வீட்டில் எல்லாரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து பாஸ்கா நன்மை வாங்கிவிட்டார்களா என்று கேட்டார். என் முறை வந்தபோது வாங்கிட்டாங்க சிஸ்டர் என்றேன். பின் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது உங்களில் ஒருத்தி, பெயர் சொல்லமாட்டேன்.

சாமியார் நல்ல மனுஷர். கன்னடம் வீட்டுப் பாஷை, தமிழை மெதுவாக யோசித்து யோசித்துப் பேசுவார். வீடு மந்திரிக்க வந்தபோது அம்மாவிடம், மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லிவிடம்மா, மனசு பின்னாடியே வந்துவிடும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அம்மா அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டே, "பின்னாடி வரட்டும் சாமி. அது வந்ததும் நானும் வர்றேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாமியாரிடம் போய் இப்படிப் பேசுவாளா ஒருத்தி! திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். பாய் வீட்டம்மா மட்டும்தான் இதில் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்க அம்மா நோம்பு மாதிரி புடிச்சிக்கினு இருக்குது, பசி தெரியாதவங்களுக்கு அது புரியாது என்று ஒருநாள் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்தது. மே மாசம் ஆயர் வருகிறார், பிள்ளைகள் நெற்றியில் தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துகிற உறுதிப்பூசுதல் என்று அறிவித்தார்கள். பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியும், அன்றைக்குத் தோளில் கை வைத்துப் பின்னால் நிற்க ஒரு ஞானத்தாயைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுக்க வேண்டும். வேப்பனப்பள்ளியில் இருந்த சித்தி எனக்கு ஞானத்தாய் என்று அம்மா எப்போதோ முடிவு செய்திருந்தாள். சித்தி மாங்காய்த் தோப்பில் வேலையாக இருந்ததால் நேரில் கேட்டுச் சொல்ல இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். அந்த வார வகுப்பில் சிஸ்டர் ஒன்று சொன்னார். ஞானத்தாய் உறவு இரத்த உறவைவிடப் பெரியது, ஞானத்தாய் வீட்டோடு ஒரு குடும்பம் பகை வைத்துக்கொள்ளவே கூடாது, அது தேவ துரோகம் என்றார். மற்ற பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே ஒரு யோசனை வந்துவிட்டது. அன்றைக்கு ஏதோ பரிசுத்த ஆவியே வந்து சொன்ன மாதிரி இருந்தது.

சூப்பர்வைசர் சம்சாரம்தான் கோயிலில் பீடத்துக்குப் பூ வைப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் குழாயடியில் பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பழைய ரோஜாத் தண்ணீரின் அழுகல் வாசம் அங்கே நிறைந்திருந்தது. நான் போய், நீங்கள் எனக்கு ஞானத்தாயாக இருப்பீர்களா அத்தை என்று கேட்டேன். அவர் கையிலிருந்த சாடியைக் கீழே வைத்தார். பிறகு, "அம்மாவக் கேட்டியா?" என்றார். கேட்டுவிட்டேன், அவங்கதான் சொல்லி அனுப்பினாங்க என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். சிஸ்டரிடம் அவர் பெயரைக் கொடுத்துவிட்டு நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குச் சூப்பர்வைசர் மேல் இருக்கிற பகை தீர்ந்துவிடும், அம்மா மற்றவர்களைப்போல வரிசையில் போவாள், யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். இவ்வளவும் ஒரே ஒரு பொய்யில் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிவில் சாமியார் அறிவிப்புகள் படித்தார். உறுதிப்பூசுதல் பெறுகிறவர்களின் பெயரும் ஞானப் பெற்றோரின் பெயரும் வரிசையாக வந்தன. அம்மாவிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், தைரியம் வரவில்லை. என் பெயரைப் படித்தார், அடுத்து சூப்பர்வைசர் சம்சாரத்தின் பெயரைப் படித்தார். கோயிலில் தலைகள் திரும்புகிற சத்தம் கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அசையவில்லை. இறுதிப் பாட்டு வந்தபோது எழுந்து நின்று முழுசாகப் பாடினாள். வெளியே வந்ததும் இரண்டு மூன்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காரியம் பண்ணினே, ஆண்டவர் மனசை மாற்றிவிட்டார் பார்த்தியா என்றார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை, நானேதான் என்றேன். எதற்கு என்றாள். நீயும் நன்மை வாங்கணும்னுதான் என்றேன், சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "என் பேரால நீ சமாதானம் பண்ணிட்டு வந்துட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்பா, சின்னப் புள்ள விடு, நல்லதுக்குத்தானே செஞ்சிருக்கு என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவ்வளவு களைத்த ஒரு முகத்தை அதுவரை பார்த்ததில்லை. முப்பத்திநாலு வயசுதான் அவளுக்கு அப்போது.

அன்றைக்குச் சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனாள். புதுசாகக் கட்டிய வீடு, பச்சைப் பெயின்ட் அடித்த கேட், தொட்டிகளில் ரோஜா. சூப்பர்வைசர் முன்னறையில் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பேப்பரோடு உள்ளறைக்குப் போய்விட்டார். அவர் சம்சாரம் காபி கொண்டுவந்தார். அம்மா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், பிறகுதான் பேசினாள்.

"நான் சொல்லி அனுப்பினேன்னு இவ உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கறாக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டே, "அப்ப சாமியார்கிட்டச் சொல்லி என் பேரை எடுத்துடச் சொல்லட்டுமா, தங்கச்சி?" என்றார்.

அம்மா யோசித்தாள். நான் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, சரி என்று சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு அறிவிப்பு, மறுபடி எல்லாரும் திரும்பிப் பார்ப்பது, அதை என்னால் தாங்க முடியாது.

"வேணாங்க்கா. நீங்களே நில்லுங்க. அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்க இல்ல. ஆனா நான் அன்னைக்கு நன்மை வாங்க வரமாட்டேன். சமாதானம் ஆயிட்டாங்கன்னு யாராச்சும் சொன்னா, ஆகலன்னு சொல்லுங்க."

இதை அவள் மெதுவாகச் சொல்லவில்லை. உள்ளறைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அதுவரை உள்ளே பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றுவிட்டது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவும் ஒரு நிமிஷம் அதற்காக உட்கார்ந்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு எழுந்துவிட்டாள்.

உறுதிப்பூசுதலுக்கு முந்தின நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாவசங்கீர்த்தனம். ஏழு பொய் சொன்னேன் சாமி என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன், என்ன பொய் என்று அவரும் கேட்கவில்லை. மறுநாள் எனக்கு வெள்ளைக் கவுன், தலையில் சிவப்பு ரிப்பன். ஆயர் நெற்றியில் பூசிய தைலத்தின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது, அப்பாவின் மெஷின் எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அவ்வளவு இனிப்பான வாசம். சூப்பர்வைசர் சம்சாரத்தின் கை என் வலது தோளில் இருந்தது. ஆயர் என் கன்னத்தில் லேசாகத் தட்டினார். இனி நீங்கள் குழந்தைகள் இல்லை, விசுவாசத்தில் வளர்ந்தவர்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

பிறகு நன்மைக்கு எழுந்தோம். பிள்ளைகள், ஞானப் பெற்றோர், பெற்றோர் என்று வரிசை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால் அம்மா அப்பா இரண்டு பேரும் வந்தார்கள். எனக்குப் பின்னால் அப்பா மட்டும். சூப்பர்வைசர் பக்கத்து வரிசையில் எங்களுக்கு இரண்டு ஆள் முன்னால் போய் நாக்கை நீட்டி நன்மை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோயில் நிறைய ஜனம், தேன்கனிக்கோட்டையிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், அத்தனை பேருக்கும் நடுவில் காலிப் பெஞ்சில் அவள் மட்டும். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை என்னவென்று சொல்ல. வெளியே போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நகர்ந்து ஞானத்தாய் பக்கம் போய் நின்றுகொண்டேன். அந்தப் போட்டோ எங்கே போனதோ தெரியவில்லை, தேடவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "நீ வராமலேயே இருந்திருக்கலாம்" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். விசுவாசத்தில் வளர்ந்தவள் சொன்ன முதல் வார்த்தை அது. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா அவரைத் தடுத்துவிட்டு என்னை எதிரே உட்கார வைத்தாள்.

"அந்தாளு கையும் அந்த மெஷின்ல மாட்டணும்னு நான் தெனமும் வேண்டிக்கறேன். சோறு வடிக்கறப்ப, துணி தொவைக்கறப்ப, செபமால சொல்றப்பகூட அதான் வருது. அத வச்சிக்கினு எப்பிடி நான் நாக்க நீட்டறது? நீ சொல்லு."

அதட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே வழி தெரியாமல் கேட்டாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம், வேறு யாரிடமும் கேட்க முடியாமல் கேட்டாள். செபமாலையில் ஒருத்தர் கை போகணும் என்று வேண்டுகிறவள் என் அம்மாவா என்று பயந்துபோனேன். கெட்டவள் என்று முடிவு கட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்பதற்காக அவள் அடம் பிடிக்கிறாள் என்று ஊர் நினைத்தது, நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் அவருக்காக நிற்கவில்லை, தன் மனசுக்காக நின்றாள். அது எனக்கு எட்ட இன்னும் முப்பது வருஷம் ஆனது.

பள்ளிக்கூடம் திறந்தது. ஜூலையில் ஓசூருக்கே உரிய அந்த நசநசப்பு மழை பிடித்துக்கொண்டது, துணி நாலு நாளானாலும் காயாது. ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, அம்மா காலை ஆறு மணிப் பூசைக்குக் கிளம்பினாள். எனக்கு அன்றைக்குப் பரீட்சை, அதனால் நானும் கூடப் போனேன். கோயிலில் மொத்தம் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பூசைக்கு முன்னால் அம்மா எழுந்து, சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள், ரொம்ப நேரம் அங்கே முழந்தாளிட்டிருந்தாள். பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தது, நான் ஓரக்கண்ணால் பார்த்தேன், நிறுத்தாமல் சொன்னாள். நன்மைக்கு எழுந்து போனாள். பார்க்க யாருமே இல்லாத நாளாகப் பார்த்துப் போனாள். எனக்கு அதிலும் ஒரு ஆத்திரம். இதை ஞாயிற்றுக்கிழமை செய்திருந்தால் என்ன?

ஈரச் சேற்றில் கவனமாகக் கால் வைத்து இரண்டு பேரும் திரும்பி வந்தோம். சூப்பர்வைசர் வந்து மன்னிப்புக் கேட்டாரா என்றேன்.

"இல்ல."

"பின்ன?"

முந்தின நாள் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனாளாம். கேட்டுக்கு உள்ளே, கொட்டுகிற மழையில், ஒரு சின்ன வயசு ஆபீசர் குடைக்குள் நின்றுகொண்டு சூப்பர்வைசரை இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தானாம். ஏதோ எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். இவர் நனைந்துகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எஸ் சார் எஸ் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்தப் பையன் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை என்று பார்த்தாலே தெரிந்ததாம். ஒரு செருப்பின் வார் அறுந்து, அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாராம்.

"நல்லா வேணும்னு நெனைக்கத்தான் பாத்தேன். வரல. பாவமா இருந்துச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றாள் அம்மா. பிறகு, பரீட்சைக்கு நேரமாகிறது, வேகமாக நட என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சூப்பர்வைசர் எதிரே வந்தால் ஸ்தோத்திரம் சொல்லுவாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவர் கடைசி வரைக்கும் அந்தத் தாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒழுங்காக நன்மை வாங்கி, நிம்மதியாகச் செத்தாள்.

எனக்குத்தான் ஆகவில்லை. இருபது வயதில் நானும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் தெரிந்தது, அந்த வட்டாரம் முழுக்க அப்பாவுக்குப் பட்டப்பெயர் குவார்ட்டர் வாட்ச்மேன். விரல் எப்படிப் போச்சு என்று புதுசாக வந்த பையன்கள் கேட்பார்களாம், இன்னொருத்தன் பாட்டிலைக் கவிழ்க்கிற மாதிரி சைகை காட்டுவானாம், அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும், கிட்டத்தட்ட இருபது வருஷம் அப்படிச் சிரித்திருக்கிறார். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் அடக்கத்தில்கூட ஒருத்தன், பாவம், குடிதான் அவரைக் கெடுத்தது என்று என்னிடமே வந்து சொன்னான். அன்றைக்கு எனக்குள் விழுந்தது இன்னும் வெளியே போகவில்லை.

சூப்பர்வைசர் இன்னும் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். எண்பதைத் தாண்டிவிட்டது, நினைவு நன்றாக இருக்கிறது. முடியாதவர்களுக்கென்று பீடத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் அவர் உட்காருகிறார். இரண்டு வருஷமாக முழங்கால் போனதிலிருந்து எனக்கும் அங்கேதான் இடம். எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலி. நன்மைக்கு நாங்கள் எழுந்து போக வேண்டியதில்லை, சாமியாரே இறங்கி வந்து கொடுத்துவிடுகிறார். போன மாசம் பூசை முடிந்து அவர் என் பக்கம் சாய்ந்து, உங்கப்பா மாதிரி ஒரு மனுஷன் கிடையாதும்மா என்றார். நான் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் சாமியார் முதலில் அவரிடம்தான் வருகிறார். அவர் நீட்டுகிற கை நடுங்குகிறது, பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. மருமகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறார். இந்த வயசில் இப்படி ஒரு மனுஷரைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். எனக்கு இருக்கிறதா என்று நான் உள்ளே பார்க்கிறேன், நன்றாகத் தேடிப் பார்க்கிறேன். இல்லை. அதற்குள் சாமியார் என் முன்னால் வந்து நின்றுவிடுகிறார், கோயிலே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் ஆமென் என்று சொல்லிக் கையை நீட்டிவிடுகிறேன்.